தலமான்கா மலையில் ஐந்து இரவு: கோஸ்டா ரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோஸ்டா ரிக்காவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை, பன்னிரண்டு நாளில் நாடு முழுவதையும் சுற்றிக்காட்டும் ஒரு குழுப் பயணம். மலைக்கு ஒதுக்கியது ஒன்றரை நாள். அதில் ஒரு நாளை மேகம் விழுங்கிவிட்டது. அந்த ஆற்றாமையில் இரண்டாம் தடவை மலையில் மட்டும் ஐந்து இரவு தங்கினேன். அதற்குப் பிறகு பறவை பார்க்கும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

மத்திய அமெரிக்காவில் ஏழு நாடுகள் இருக்கின்றனவே, ஏன் கோஸ்டா ரிக்கா?

மற்ற இடங்களும் குறைந்தவை அல்ல. தலையில் சிவப்புக் கொம்பு முளைத்த ஹார்ன்ட் குவானையும் இளஞ்சிவப்புத் தலை வார்ப்ளரையும் பார்க்க வேண்டுமானால் குவாத்தமாலாவின் எரிமலைச் சரிவுகளுக்குத்தான் போக வேண்டும். பனாமாவின் பாரு எரிமலையைச் சுற்றியுள்ள போக்கேட்டேயும் செர்ரோ புந்தாவும் அருமையான இடங்கள் என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

கோஸ்டா ரிக்காவில் வசதி அதிகம், அவ்வளவுதான். மலை உச்சிவரை தார்ச்சாலை போகிறது. 51,100 சதுர கிலோமீட்டர் நாடு, தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. அதற்குள் 900க்கு மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. பொழுதுபோக்கு வேட்டைக்கு 2012இல் தடை போட்டார்கள். முதல் தடவை போகிறவர்கள் இங்கே தொடங்கினால் சிரமம் குறைவு.

எந்த மலை? ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இருக்குமா?

தலமான்கா மலைத்தொடர். தலைநகர் சான் ஹொசேவிலிருந்து தெற்கே பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலையில் போனால் ஏறத்தொடங்கும். இந்த மலையில் ஊர்ப்பெயரை விட கிலோமீட்டர் கல்லுக்குத்தான் மதிப்பு. ‘எழுபதாம் கிலோமீட்டரில் இறங்கு’, ‘எண்பதில் வலப்பக்கம் திரும்பு’ என்பார்கள். அந்த எண்பதில் திரும்பி ஒன்பது கிலோமீட்டர் கிடுகிடுவென்று இறங்கினால் சாவெக்ரே ஆற்றங்கரையில் சான் ஹெரார்தோ தெ தோத்தா என்ற சிற்றூர். பெரும்பாலானோர் தங்குவது இங்கேதான்.

ஊட்டியோடு ஒப்பிடுவது தப்பில்லை. சான் ஹெரார்தோ ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம். அகலாங்கைப் பார்த்தால் விருதுநகருக்கு நேர்! வெயில் உச்சந்தலையில் சுளீரென்று அடிக்கும். நிழலுக்குள் போனால் பல் கிட்டும். ஆனால் நம் மலை தொட்டபெட்டாவோடு, 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அங்கே நெடுஞ்சாலையே 3,300 மீட்டரைத் தாண்டுகிறது. பக்கத்தில் நிற்கும் செர்ரோ தெ லா முவெர்த்தே சிகரம் 3,491 மீட்டர். ‘சாவின் மலை’ என்று பொருள். சாலை வருவதற்கு முன் தெற்குப் பள்ளத்தாக்கு மக்கள் சரக்கோடு இந்த மலையை நடந்து கடந்துதான் தலைநகருக்குப் போனார்கள். வழியில் குளிரில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. பெயர் அப்படி வந்தது.

காடு ஓக் மரக்காடு. நாற்பது மீட்டர் உயர மரங்கள். ஆனால் மரப்பட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு பாசி, பெரணி, ஆர்க்கிட், அன்னாசிக் குடும்பத்துத் தொற்றுச்செடிகள். ஒவ்வொரு கிளையும் ஒரு தோட்டம். 3,000 மீட்டருக்கு மேலே மரம் குட்டையாகி, மூங்கில் புதராகி, கடைசியில் பாராமோ எனப்படும் குளிர்ந்த புதர்வெளி. நம் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மாற்றம் உடனே பிடிபடும்.

சோலைக்கிளி என்ற சிறு பறவை நம் மலைகளை விட்டு வேறெங்கும் இல்லாததற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கும். வடக்கே நிகராகுவாவின் தாழ்நிலம், தெற்கே பனாமாவின் குறுகிய தாழ்நிலம், நடுவில் தீவுபோல ஓர் உயர்மலை. கீழே இறங்கினால் வெப்பம் தாங்காத பறவைகள் அங்கேயே அடைபட்டுத் தனித்தனி இனங்களாயின. கோஸ்டா ரிக்கா, மேற்குப் பனாமா மலைகளைத் தவிர உலகில் எங்கும் காண முடியாத பறவைகள் ஏறத்தாழ 50 வகை. இந்த மலையின் ஒரு பெரும்பகுதியை லா அமிஸ்தாத் என்ற பெயரில் இரண்டு நாடுகளும் சேர்ந்து காக்கின்றன. யுனெஸ்கோ 1983இல் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. இந்த மலைக்குப் பெரும்பாலோரை இழுத்துவரும் நீள்தோகைப் பச்சைப் பறவையான கெட்சால் கூடு கட்டும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் சரியான நேரம். வட அமெரிக்காவிலிருந்து குளிருக்கு வந்த வார்ப்ளர்களும் அப்போது இன்னும் கிளம்பியிருக்காது. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிருங்கள், உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் விடுமுறையில் இருப்பார்கள். அக்டோபரில் போவதானால் குடையோடு புத்தகமும் எடுத்துப்போங்கள்.

கெட்சாலைக் கட்டாயம் பார்ப்போமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். மார்ச் மாதத்தில் சான் ஹெரார்தோவில் மூன்று காலை இருந்தால் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். ஒரே ஒரு காலை என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

கெட்சால் நமக்கு முற்றிலும் அந்நியமான பறவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் தீக்காக்கையின் குடும்பம். இந்தக் குடும்பத்தில் காலின் முதல் இரண்டு விரல்களும் பின்பக்கம் திரும்பியிருக்கும்; வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இந்த அமைப்பு கிடையாது. தீக்காக்கையைப் போலவே கெட்சாலும் ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அங்கேதான் ஏமாறுவோம். அத்தனை பளபளப்பான பச்சை, இரத்தச் சிவப்பு வயிறு, இருந்தும் இலைகளுக்கு நடுவில் கண்ணுக்குப் படாது. அந்தப் பச்சை சாயத்தால் வருவதல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. வெயில் படாவிட்டால் ஈரப் பாசி நிறம்தான்.

ஆணின் நீண்ட தோகை உண்மையில் வால் அல்ல. வாலை மூடும் மேலிறகுகள்தான் அப்படி நீண்டு, உடம்பைப் போல இரண்டு மடங்கு தொங்குகின்றன. மயில்தோகையும் அதே கதைதான் என்பது நமக்குத் தெரியும். உளுத்த மரத்தில் பொந்து குடைந்து கூடு வைக்கும். பகலில் ஆணும் முறைவைத்து அடைகாக்கும். அப்போது அந்தத் தோகை பொந்துக்குள் அடங்காமல் வாசலில் இரண்டு பெரணி இலைபோல நீட்டிக்கொண்டு ஆடும். ஐந்து நாளில் நான் பார்த்தவற்றில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த வாசல்தான்.

அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் ‘கெட்சல்லி’ என்றால் விலைமதிப்பற்ற நீண்ட இறகு. அரசர்களின் தலையணிக்கு இந்த இறகுதான். அப்படி ஒன்று இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குவாத்தமாலாவின் தேசியப் பறவை கெட்சால், அந்நாட்டுப் பணத்தின் பெயரும் அதுவே. கோஸ்டா ரிக்காவின் தேசியப் பறவை எது என்று கேட்டால் பலரும் கெட்சால் என்றோ, பெரிய அலகுள்ள டூக்கான் என்றோ சொல்வார்கள். இரண்டும் இல்லை. ‘யிகிர்ரோ’ என்று அழைக்கும் மண்ணிறத் திரஷ் ஒன்று, 1977இல் தேர்ந்தெடுத்தது. அழகுக்காக அல்ல; அது பாடினால் மழை வரும் என்பது உழவர் நம்பிக்கை. எனக்கு அந்த நாட்டின் மேல் மதிப்பு கூடியது இதைக் கேட்ட பிறகுதான்.

கெட்சாலை எங்கே, எப்படித் தேடுகிறார்கள்?

காட்டில் சுற்றி அல்ல, மரத்துக்குக் காவல் இருந்து. ‘அகுவாகாத்தியோ’ என்ற காட்டு வெண்ணெய்ப்பழ மரம் எது பழுத்திருக்கிறதோ அங்கே விடியலில் நிற்பார்கள். பழம் பெரிய நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. அதை முழுசாக விழுங்கி, சதை கரைந்ததும் கொட்டையைத் துப்பும். பறவை உட்கார்ந்த இடமெல்லாம் மரம் முளைக்கிறது. பழம் ஓய்ந்ததும் அது வேறு உயரத்துக்குப் போய்விடும்.

நல்ல மரங்கள் பல, தேசியப் பூங்காவுக்குள் இல்லை. விவசாயிகளின் மேய்ச்சல் நிலத்தில் நிற்கின்றன. முன்பு நிழல் விழுகிறது என்று வெட்டினார்கள். இப்போது தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், புதுக்கன்றும் நடுகிறார்கள். லோஸ் கெட்சாலெஸ் என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பூங்கா இருந்தாலும், பறவையைக் காப்பாற்றுவதில் இந்த மாட்டுக்காரர்களின் பங்கு சின்னதல்ல என்பது என் எண்ணம். அந்தக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

மொத்தம் எத்தனை வகை பார்க்கலாம்?

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் மலைக்கு வராதீர்கள். கரீபியன் பக்கத்துத் தாழ்நிலக் காட்டில் ஒரே காலையில் கிடைப்பது மலையில் நாலு நாளிலும் கிடைக்காது. உயரம் கூடக்கூட வகை குறையும். ஆனால் அந்தக் குறைந்த வகைகளில் பலவும் அங்கே மட்டும் இருப்பவை. வந்தால் நிதானமாக, குறைந்தது நான்கு இரவாவது இருங்கள். நான் ஐந்து என்பேன். ஒரு நாளை மேகத்துக்கு எழுதிவைத்துவிட வேண்டும்.

ஓசனிச்சிட்டும் நம் தேன்சிட்டும் ஒன்றா?

இல்லை. ஹம்மிங்பேர்ட் என்னும் ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது, 350க்கு மேற்பட்ட வகை. நம் தேன்சிட்டு பழைய உலகத்துப் பறவை. இருவரும் செய்வது ஒரே தொழில், உறவு கிடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் பூக்காம்பில் தொற்றிக்கொண்டுதான் தேனெடுக்கும். ஓசனிச்சிட்டு காற்றில் நின்றபடியே எடுக்கும், பின்னோக்கியும் பறக்கும்.

மலையில் பார்க்க வேண்டியது ஃபயரி-த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட். பக்கவாட்டில் பார்த்தால் சாதாரணப் பச்சைக் குருவி. அது உங்கள் பக்கம் தலையைத் திருப்பும் அந்த நொடியில் கழுத்து தணல் பற்றிக்கொள்ளும். செம்பு, ஆரஞ்சு, ஓரத்தில் நீலம். அடுத்த நொடி அணைந்துவிடும். கூடவே பாராமோ விளிம்பில் வால்கேனோ ஹம்மிங்பேர்ட், கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். உறைபனி இறங்கும் மலையில் இவ்வளவு சின்ன உடம்பு எப்படி உயிர் வாழ்கிறது? இரவானால் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகத் தணித்து, செத்ததுபோல மரத்துக்கிடக்கும். விடிந்ததும் உடம்பை உதறிச் சூடேற்றிக்கொண்டு கிளம்பும்.

அந்தப் பூக்களுக்கே வரும் இன்னொரு ஆளையும் கவனியுங்கள். ஸ்லேட்டி ஃபிளவர்பியர்சர், நுனி வளைந்த அலகு. பூவின் வாயில் போகாமல் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும். மகரந்தம் சுமக்கும் கூலி வேலையே கிடையாது.

வழிகாட்டி அவசியமா? இப்போதுதான் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி இருக்கிறதே?

மெர்லின் செயலியை நானும் வைத்திருக்கிறேன். அது பெயரைச் சொல்லும். அந்தக் குரல் எந்தப் புதரிலிருந்து வருகிறது, எத்தனை அடி உயரத்தில், இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சொல்லாது.

எங்களோடு வந்தவர் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர், அப்பா காலத்தில் பால் கறந்த குடும்பம். முதல் நாள் காலை காட்டுப்பாதையில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ‘வருகிறார்கள்’ என்றார். இரண்டு நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேலே கூட்டம் வந்து சேர்ந்தது. பல வகைப் பறவைகள் சேர்ந்து இரைதேடிப் போகும் கலப்புக் கூட்டம், நம் சோலைகளிலும் பார்த்திருப்பீர்கள். முன்னே சளசளவென்று புதர்த் தனேஜர்கள், பாசி படர்ந்த தண்டில் செம்பழுப்பு ரட்டி ட்ரீரன்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற, உச்சியில் கழுத்து எரியும் ஃபிளேம்-த்ரோட்டட் வார்ப்ளர். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம். நாம் தனியே போயிருந்தால் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கடந்திருக்கும். அவர் ஒவ்வொன்றையும் ஸ்கோப்பில் பிடித்து, யார் எதைப் பார்க்கவில்லை என்று நினைவு வைத்து, அவரை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொரு காரணம் ஸெலிடோனியா. ரென்த்ரஷ் என்பது அதன் ஆங்கிலப் பெயர். கோஸ்டா ரிக்காவின் பறவையியலாளர் ஹொசே காஸ்துலோ ஸெலிடோனின் பெயரைத் தாங்கியது. ரென்னா, திரஷ்ஷா, வார்ப்ளரா என்று அறிஞர்கள் நெடுங்காலம் குழம்பி, 2017இல் அதை ஒற்றை இனம் மட்டுமே கொண்ட தனிக் குடும்பமாக வைத்தார்கள். மூங்கில் புதருக்குள் எலிபோல ஓடும். வழிகாட்டி ஈர நிலத்தில் மண்டியிட்டு இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார். ஆரஞ்சு உச்சந்தலை ஒரு கணம் தெரிந்தது. குழுவில் இருவர் அதையும் பார்க்கவில்லை. மறுநாள் அதே இடத்துக்கு மறுபடி போனோம், அதற்குத்தான் ஐந்து இரவு என்கிறேன்.

மாறாக, தானாகவே தேடி வரும் பறவையும் உண்டு. மஞ்சள் முகமும் சிவப்பு உச்சியும் உள்ள காலர்ட் ரெட்ஸ்டார்ட். நாம் நடக்கும்போது கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கக் கூடவே வரும். ஊர்க்காரர்கள் அதை ‘மனிதனின் நண்பன்’ என்று அழைக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலரைக்கு எழுப்புவார்கள். கறுப்புக் காப்பி. தோத்தாவும் பக்கத்திலுள்ள தர்ராசுவும் காப்பிக்குப் பேர்போன ஊர்கள், ஆகவே இந்தக் காப்பியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஐந்தரைக்குக் கெட்சால் மரத்தடி. எட்டு மணிக்குத் திரும்பிச் சிற்றுண்டி. பிறகு ஓக் காட்டில் பதினொன்று வரை. மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். சாவெக்ரே ஆற்றோரம் நடந்தால், பாறைக்குப் பாறை தாவி ஓடும் நீருக்குள் முங்கி இரை எடுக்கும் அமெரிக்கன் டிப்பரைப் பார்க்கலாம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு.

ஒரு காலையை மட்டும் உச்சிக்கு ஒதுக்குங்கள். தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் வால்கேனோ ஜுன்கோ என்ற சிறு பறவை இருக்கும். சாம்பல் உடம்பு, மஞ்சள் கண், எதையோ பறிகொடுத்ததுபோல ஒரு முறைப்பு. வெயில் ஏறும் உலகில் கீழே இருக்கும் பறவைகள் மேலே நகரலாம். மொன்தெவெர்தே என்ற இன்னொரு கோஸ்டா ரிக்கா மலைக்காட்டில் கெட்சால்கள் வாழும் உயரத்துக்குத் தாழ்நில டூக்கான்கள் ஏறி வந்துவிட்டதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜுன்கோவுக்கு மேலே கோபுரமும் வானமும்தான்.

இரவில் ஆந்தை தேடலாமா?

தேடலாம். கிடைப்பது பேர்-ஷாங்க்ட் ஸ்கிரீச் ஆந்தையும் சாலையோரம் டஸ்கி நைட்ஜார் பக்கியும். நாங்கள் மூன்று இரவு போனோம், ஆந்தையின் குரலை மட்டும் கேட்டோம். விறைத்த விரல்களோடு திரும்பினோம்.

அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. இது மலையேற்றம் அல்ல. கெட்சால் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். விடுதித் தோட்டத்திலேயே ஒரு நாள் முழுக்கப் பார்க்கப் பறவை உண்டு. காட்டுப்பாதைகளில் சில செங்குத்து, அதை முன்னாடியே கேட்டுத் தவிர்த்துவிடலாம்.

உயரம்தான் கவனிக்க வேண்டியது. தலைநகரிலிருந்து நேரே 3,300 மீட்டருக்கு ஏறினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். முதல் இரவைப் பள்ளத்தாக்கில் கழித்துவிட்டு உச்சிக்கு இரண்டாம், மூன்றாம் நாள் போங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி உடை. ஒரே ஒரு கனத்த ஸ்வெட்டர் உதவாது. மழைக் கோட்டு. குல்லா. கையுறை, முக்கியமாகக் கையுறை. முதல் பயணத்தில் ‘விருதுநகர் அகலாங்குதானே’ என்று விட்டுவிட்டுப் போய், பைனாகுலரின் குமிழைத் திருப்ப விரல் வராமல் ஜுன்கோவைக் கலங்கலாகப் பார்த்தவன் நான். பைனாகுலர் 8×42 போதும். கண்ணாடியில் மூச்சு படிந்து மங்கும், துடைக்க உலர்ந்த பருத்தித் துணி இரண்டு. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, வெள்ளைச் சட்டைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

படம் எடுக்க வருகிறேன். பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

கூடு கட்டும் காலத்தில் வேண்டவே வேண்டாம். வேற்று ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, குஞ்சுக்கு இரை கொண்டுவர வேண்டிய பறவை சண்டைக்கு அலையும். பொந்துக்கு முன்னால் கூட்டமாக நிற்பதும் அப்படியே. வழிகாட்டி ‘போதும், பின்னால் வாருங்கள்’ என்றால் வர வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் வரவில்லை. உள்ளே போகத் தயங்கிய பெண் கெட்சால் வாயில் இரையோடு எதிர்க்கிளையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தது. அவருக்கு நல்ல படம் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டில் யாரும் அவரோடு அதிகம் பேசவில்லை.

பாம்பு, அட்டை, கொசு?

இந்தக் குளிரில் கொசு அரிது, அட்டைத் தொல்லை நான் காணவில்லை. பாசி நிறத்திலேயே இருக்கும் ஒரு மரவிரியன் உண்டு. பார்க்காமல் கிளையைப் பிடிக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். காலைக்கு ‘காயோ பிந்தோ’, அதாவது கறுப்பு பீன்ஸைச் சோற்றோடு புரட்டி வதக்கியது. மதியத்துக்குச் சோறு, பீன்ஸ், பொரித்த நேந்திரம்பழம், முட்டைகோஸ். இரவும் ஏறக்குறைய அதுவே. மூன்றாம் நாள் ஊறுகாய்க்கு நாக்கு அலையும், ஒரு சின்னப் பொட்டலம் பையில் இருக்கட்டும். அசைவக்காரர்களுக்கு ஆற்று டிரௌட் மீன்.

குளிருக்கு ‘அகுவா துல்சே’ கேளுங்கள். சொல்லுக்கு ‘இனிப்புத் தண்ணீர்’ என்று பொருள். கரும்பு வெல்லத்தைச் சுடுநீரில் கரைத்தது, வேறொன்றும் இல்லை. சுக்கு மட்டும் தட்டிப் போட்டிருந்தால் நம் வீடுதான்.

ஸ்பானிஷ் தெரியாதே?

வழிகாட்டிகள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். பறவை பார்ப்பவருக்கு ‘பஹரேரோ’ என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பேருந்துக்காரர்கூட எங்கே இறக்கிவிட வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

விசா, தடுப்பூசி?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை கையில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. எந்த வகை, எத்தனை நாள் மீதி இருக்க வேண்டும் என்ற விதிகள் மாறிக்கொண்டிருப்பவை, டெல்லியிலுள்ள கோஸ்டா ரிக்கா தூதரகத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பனாமாவையும் சேர்த்துப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் பனாமா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்கினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பட்டியலை எங்கே பதிவது?

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் அதே ஈபேர்ட்தான். நேரம் அங்கே பதினொன்றரை மணி பின்தங்கியது. கைப்பேசியின் கடிகாரம் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் நாள் பட்டியலில் கெட்சால் மாலை ஐந்து மணிக்குப் பழம் தின்றதாக இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும் நாளை வீணாக்காமல் என்ன செய்யலாம்?

தலைநகருக்குத் திரும்பாமல் தெற்குப் பக்கம் இறங்குங்கள். சான் இசித்ரோ ஊரைத் தாண்டி லோஸ் குசிங்கோஸ் என்ற சிறு பண்ணை இருக்கிறது. அலெக்சாண்டர் ஸ்கட்ச் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1941இல் வாங்கி, 2004இல் நூறு வயதுக்கு எட்டு நாள் இருக்கும்போது இறக்கும்வரை வாழ்ந்த இடம். பெற்றோர் அல்லாத பறவைகள் அடுத்த கூட்டின் குஞ்சுக்கு இரை ஊட்டுவதை 1935லேயே எழுதி, அறிவுலகத்தைக் கவனிக்க வைத்தவர். நம் தவிட்டுக்குருவிகள் தெருவோரம் அன்றாடம் செய்யும் காரியம்தான் அது. அவர் வீட்டைச் சுற்றிய காடு இப்போது பறவைக் காப்பிடம். குசிங்கோ என்பது நெருப்பு அலகுள்ள ஒரு சிறு டூக்கானின் உள்ளூர்ப் பெயர்.

உச்சியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், கையுறையோடு. வளைவுக்கு வளைவு ஒன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். சான் இசித்ரோவில் வண்டி நின்றபோது எல்லாரும் அரைக்கைச் சட்டையில் இருந்தோம், வழிகாட்டி இளநீர்க் கடையைத் தேடிக்கொண்டிருந்தார்.